சொந்த ஆளைத் துரத்தியவன்

"சொந்த அணிக்காரனையே துரத்திப் பிடிக்கிறான் பாருங்க! இவன்லாம் மனுஷனா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பியர் டம்ளரோடு நின்ற ஒருவர் கத்தினார். மார்லீனுக்குக் காது கூசியது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கண்ணெதிரே அதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஸ்டீன்பெக் ஊர்த் திருவிழாவின் சைக்கிள் பந்தயம். தேவாலயத்தைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று. மார்லீன் பதினாறு வருஷமாக உள்ளூர் கிளப் அணியை நடத்துகிறாள். சொந்த ஊர்ப் பந்தயத்தில் மட்டும் அவள் ஆட்கள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இன்று ஜெயித்திருக்க வேண்டும். ஒன்பதாவது சுற்றில் யோரிஸ் மற்ற வீரர்களின் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு தனியாக முன்னால் போனான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் அவன். வழி நெடுக அவனுடைய பிள்ளைகள் அவன் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அவனுக்கும் கூட்டத்துக்கும் ஐம்பது விநாடி இடைவெளி.

நம் ஆள் முன்னால் போகும்போது நாம் மிதிக்கக் கூடாது. கூட்டத்தின் முன்வரிசையில் இருந்துகொண்டு, மற்றவர்களையும் மெதுவாக்க வேண்டும். சைக்கிள் பந்தயத்தில் இதுதான் அரிச்சுவடி. யோரிஸின் உயிர் நண்பன், தபால்காரன் டீட்டர், பதினோரு சுற்றுவரை அதைத்தான் அழகாகச் செய்தான்.

மணி அடித்ததும் என்ன ஆனதோ, தலையைக் குனிந்துகொண்டு வெறி வந்தவன்போல் மிதித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் எதிர்க்காற்று படாமல் சுகமாக ஒட்டிக்கொண்டு வந்தது. முடிவுக் கோட்டுக்கு எண்ணூறு மீட்டர் இருக்கும்போது யோரிஸ் பிடிபட்டான். வந்த இடம் பதினான்கு. மூச்சு வாங்கிப்போன டீட்டர் கடைசிக்கு முந்தினவன்.

கிளப் வேன் பக்கத்தில் யோரிஸ் ஹெல்மெட்டைத் தரையில் அடித்தான்.

"ஏன்டா? ஒரே ஒரு காரணம் சொல்லு!"

டீட்டர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். "கால் நல்லா ஓடுச்சு. மிதிச்சிட்டேன்."

"கால் ஓடுச்சா? அப்ப நீயாவது ஜெயிச்சிருக்கணும்ல? அதுவும் இல்ல. எனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

"அப்படியே வெச்சுக்கோ."

"என் ஸ்கூல் பசங்க பூரா பாத்துக்கிட்டிருந்தாங்கடா! நேர்மையா உழைச்சா ஜெயிக்கலாம்னு தினமும் சொல்லிக் கொடுக்கறேன். நாளைக்கு எந்த முகத்தோட அவங்க முன்னால போய் நிப்பேன்?"

அணியிலேயே மூத்தவர் ஃபொன்ஸ். அவருக்கும் பொறுக்கவில்லை. "பதினஞ்சு வயசுலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டறீங்க. பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமா, டீட்டர்?"

டீட்டர் குனிந்து காலணிப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மார்லீனுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஜெர்சியைக் கழட்டு. இந்த அணியில உனக்கு இனிமே இடம் இல்ல."

அவன் கழற்றினான். நனைந்திருந்த ஜெர்சியை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தான்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "முதல் மூன்று இடங்களில் வந்தவர்கள் உடனே தேவாலயக் கூடத்துக்கு வரவும். சிறுநீர்ச் சோதனைக்கு அதிகாரிகள் காத்திருக்கிறார்கள்."

ஃபொன்ஸ் சிரித்தார். "அட, நம்ம ஊருக்கே வந்துட்டாங்களா! இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை."

யோரிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அப்படியே நின்றான். கீழே கிடந்த ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்தான். துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"விடுங்க மார்லீன்" என்றான். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. "ஜெர்சியை அவன்கிட்டயே குடுத்துடுங்க. ஒரு பந்தயம்தானே."

மார்லீனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "பாத்தியா டீட்டர், யோரிஸோட மனசை? உனக்கு வருமா அந்தக் குணம்?"

"வராது" என்றான் டீட்டர்.

ஃபொன்ஸ் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கப் போனார். மார்லீன் வேனுக்குள் ஏறி, காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"உனக்கு எப்படிடா தெரியும்?" யோரிஸின் குரல்.

"போன வாரம் முழங்காலுக்கு ஐஸ் எடுக்க உன் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால ஊக்க மருந்து ஊசி இருந்துச்சு."

"இன்னிக்கு இந்தச் சோதனைக்காரங்க வருவாங்கன்னு...?"

"மணி அடிக்கும்போதுதான் பாத்தேன், கூடத்துக்குப் பின்னால அவங்க வேன் நின்னுச்சு. நீ தலை குனிஞ்சு ஓட்டிக்கிட்டிருந்தே. கத்தினா உனக்குக் கேட்கவா போகுது? ஜெயிச்சிருந்தா பந்தயமும் போயிருக்கும், ஸ்கூலும் போயிருக்கும்."

மார்லீன் கையிலிருந்த பாட்டிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"எல்லாரும் அத்தனை பேச்சுப் பேசினோமே. நீ வாயைத் திறந்திருக்கலாமேடா..."

"வீட்டுக்குப் போனதும் அதையெல்லாம் குப்பையில போடு. இன்னிக்கு உன்னை நான் பிடிச்சேன். அடுத்த தடவை அவங்க பிடிப்பாங்க."