யானை மூடி

மேகலா வீட்டிலேயே பீர் காய்ச்சி, இரண்டு பாட்டில்களில் நிரப்பி மூடி போட்டாள். கடையில் அச்சடித்த மூடி வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் மிச்சமிருந்த நெயில் பாலிஷை எடுத்து ஒரு மூடியில் சிவப்பு யானை வரைந்தாள். அடுத்த மூடிக்கு வருவதற்குள் பாலிஷ் தீர்ந்துவிட்டது.

“உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. ஒரு புள்ளிகூட இல்லையே!” என்றது யானை மூடி.

“பேசாம பாட்டிலை இறுக்கிப் பிடி. உள்ளே இருக்கிற கேஸ் போயிடும்,” என்றது மொட்டை மூடி.

“இறுக்கிப் பிடிச்சா முகம் சுருங்கிடும். யானைக்கு அது நல்லாவா இருக்கும்?”

யானை மூடி பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

சில வாரம் கழித்து விருந்தாளிகள் வந்தார்கள். மேகலா முதலில் மொட்டை மூடியைத் திறந்தாள். ‘புஸ்ஸ்’ என்று நுரை பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து, ஆசையாக யானை மூடியைத் திறந்தாள். சத்தமே வரவில்லை. ஒரு வாய் குடித்தவர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மேசையில் வளைந்து கிடந்த யானை மூடி, பக்கத்து மூடியிடம் சொன்னது:

“பார்த்தியா? உனக்குச் சும்மா கைதட்டினாங்க. என்னைப் பார்த்ததும் அவங்களுக்குப் பேச்சே வரல!”