அந்தக் குளத்தில் மீன் இல்லை

“நீங்க கேக்குற மாதிரி அரிய மீன் எதுவும் அந்தக் குளத்துல இல்லைங்க.”

மைக்கைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு மேடம் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வரிசையில் இருந்த ஆய்வு மாணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மீனைக் கண்டுபிடித்தவனே அவன்தான். போன வாரம்தான் மேடம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத மீன். வாலில் ஒரு செம்மஞ்சள் கோடு. மேடத்துக்குக் கண் கலங்கியதைக்கூட அவன் கவனித்தான். இப்போது சபையில் இல்லவே இல்லை என்கிறார்.

பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் உயிர்களைப் பற்றிப் பாடம் எடுப்பவர் மேடம். அவனுடைய ஆய்வுக்கு வழிகாட்டி. ஆன்லைன் வகுப்பில் மைக்கை ஆன் பண்ண மறந்துவிடுவார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் ‘மியூட் மேடம்’. நேரில் பேசினாலும் அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்தது. எதைக் கேட்டாலும் பாதி பதில்தான் வரும்.

சட்டம் தெளிவாக இருந்தது. அழியப்போகிற ஓர் உயிர் ஒரு குளத்தில் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டால், கரையைச் சுற்றி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. அந்தக் கரையைச் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் ஒரு வீட்டுமனை நிறுவனம் வளைத்துப் போட்டிருந்தது. கட்டடம் கட்ட அனுமதிக்கலாமா என்று கேட்கத்தான் இந்தக் கூட்டமே.

மீனைப் பார்த்த அன்றே அரசுக்கு எழுதிவிடலாம் என்றான் அவன். முட்டை போடுகிற பருவம் முடியட்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார் மேடம். ஏன் என்று கேட்டான். வழக்கம்போல மியூட்.

இப்போது காரணம் புரிந்துவிட்டது என்று நினைத்தான். துறைக்குப் புது ஆய்வுக்கூடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருப்பதும் அதே நிறுவனம்தான்.

எழுந்தான். மீன் இருக்கிறது, நானே பிடித்துப் பார்த்தேன், இதோ படம் என்று செல்போனைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் கைதட்டியது. தலைமை தாங்கிய அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அடுத்த மாதம் நிபுணர் குழு நேரில் வரும், மீன் இருந்தால் தடை நிச்சயம் என்றார்.

வெளியே வந்தபோது நிறுவனத்து மேலாளர் வழிமறித்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தான். அவரோ கை குலுக்கினார். தாங்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான் என்றார். குளம் முழுக்க இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்று அக்கறையாக விசாரித்தார். கிழக்கு மூலையில், கோரைப்புல் ஓரமாகத்தான் என்று இவனும் பெருமையாகச் சொன்னான்.

படியில் மேடம் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“எந்தப் பக்கம்னு அந்த ஆள்கிட்ட சொல்லிட்டியாப்பா?”

“சொல்லிட்டேன். உங்களை மாதிரி விலை போக எனக்குத் தெரியாது மேடம்.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கிட்டத்தட்ட ஓடிப்போய்க் காரில் ஏறினார். பாவம், முகத்தைக் காட்ட முடியலை போல என்று யாரோ சிரித்தார்கள்.

சாயங்காலச் செய்தியில் அவன் முகம் வந்தது. அம்மா போனில் அழுதேவிட்டாள். எங்க வீட்டு வாயில்லாப் பூச்சியா இது என்று அக்கா கிண்டல் செய்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினான். குழு வருவதற்குள் இன்னும் தெளிவாகச் சில படங்கள் எடுத்துவிட வேண்டும்.

தூரத்திலேயே நெடி மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர்.

கோரைப்புல் நசுங்கிக் கிடந்தது. ஈர மண்ணில் லாரி டயரின் தடம். தண்ணீர் முழுக்க வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தன. கெளுத்தி, தவளை, நத்தைகள், இடையிடையே அந்தச் செம்மஞ்சள் கோடு. பாதிக்கு மேல் தாய் மீன்கள். வயிறு முட்டையால் உப்பியிருந்தது.

மேடம் கரையில் உட்கார்ந்திருந்தார். நேற்றைய அதே உடை, இடுப்புவரை நனைந்து காய்ந்திருந்தது. இரண்டு கைகளும் வெந்ததுபோலச் சிவந்திருந்தன. பக்கத்தில் துறையிலிருந்து கொண்டுவந்த வாளிகள், காற்றுப் பம்பு. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வாளிக்குள் எதுவும் அசையவில்லை.

நேற்று நேராகத் துறைக்குத்தான் போனாராம். வாளிகளை எடுத்துக்கொண்டு இங்கே வருவதற்குள் லாரி வந்து போய்விட்டதாம்.

“போலீஸ்ல சொல்லலாம் மேடம்.”

“சொல்லலாம். யார் கொட்டினதுன்னு கேப்பாங்க. நீ பார்த்தியா, நான் பார்த்தேனா? அடுத்த மாசம் குழு வரும். வலை போட்டுப் பார்க்கும். மீன் இல்லைன்னு எழுதும். வீடு கட்டுறதுக்குச் சட்டப்படி இனி ஒரு தடையும் இல்லப்பா.”

அவன் மண்டியிட்டு ஒவ்வொரு வாளியிலும் கையை விட்டுத் துழாவினான். ஒன்றாவது துடிக்காதா என்று விரல் தேடியது. பருவம் முடிந்ததும் குஞ்சுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றுதான் இருந்ததாக மேடம் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். முட்டையோடு இருக்கும்போது பிடித்தால் தாங்காது என்று காத்திருந்தாராம்.

“இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?”

மேடம் குளத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

“சொல்ல வாய் வரலைப்பா. இது நாலாவது குளம். முதல் மூணுலயும் மீன் இருக்குன்னு மேடையேறிச் சொன்னது நான்தான்.”