நேரான பதில்

"இடிஞ்சு விழுந்த பாலத்துக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டது நீங்கதானா?"

"ஆமா" என்றார் அமைச்சர்.

டி.வி. சேனலின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த தயாரிப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. நேரலையில் அமைச்சரே ஒப்புக்கொண்டுவிட்டார். கேட்டவர் லேசுப்பட்டவரா? தலை நரைக்கும்வரை அரசியல்வாதிகளைக் குடைந்தெடுத்து, 'கிடுக்கிப்பிடி' என்று பெயர் வாங்கியவர்.

தயாரிப்பாளர் மைக்கில் அவரிடம் அவசரப்பட்டாள். "விடாதீங்க சார். யார் சொல்லிப் போட்டாருன்னு கேளுங்க."

கிடுக்கிப்பிடி அமைச்சரின் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஒரு சின்ன இடைவேளை" என்று சொல்லிவிட்டுக் காதில் இருந்த இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இடைவேளை என்றாலே எரிந்து விழுகிற மனிதர்.

அவள் கீழே ஓடினாள். இரண்டு நாற்காலியும் காலி.

"அமைச்சர் தோள்ல கையைப் போட்டுப் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போனாரும்மா. ரெண்டு பேரும் அமைச்சர் கார்லயே ஏறிப் போயிட்டாங்க" என்றார் கேமராக்காரர்.

 கிடுக்கிப்பிடியைப் பார்த்துத்தானே அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

சேனல் முதலாளி போனில் வந்தார். "போற காலத்துல விலை போயிட்டாரா உங்க ஆளு?"

"தெரியல சார்." போனை வைத்தாள்.

சாயங்காலம் கிடுக்கிப்பிடியே கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேம்மா. அமைச்சருக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கொஞ்சம் தாமதிச்சிருந்தா பேச்சே போயிருக்குமாம். நல்ல வேளை, தப்பிச்சாரு."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "எங்க யாருக்கும் ஒண்ணுமே தெரியலையே சார். நல்லாத்தானே பேசினாரு?"

"எங்கம்மா நல்லாப் பேசினாரு? இத்தனை வருஷத்துல என் கேள்வி ஒண்ணுக்காவது அந்த மனுஷன் நேரா பதில் சொல்லியிருக்காரா? 'ஆமா'ன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உத்துப் பார்த்தா, வாய் ஒரு பக்கம் லேசாக் கோணியிருந்துச்சு. நினைவு தடுமாறுற ஆள்கிட்ட பிடுங்கினா அது பதிலாம்மா?"

"இப்ப எப்படி இருக்காரு?"

"தேறிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு நம்பிக்கை வரல. அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். 'அதுக்கு முன்னாடி, போன ஆட்சியில என்ன நடந்துச்சுன்னு பார்க்கணும்'னு ஆரம்பிச்சாரு. அப்புறம்தாம்மா எனக்கு உயிரே வந்துச்சு."