எட்டுப் போட மாட்டேன்

"பாலிசி ஆரம்பிச்ச பிறகு என்ன தம்பி புதுசு புதுசா பேப்பர் கேக்குறீங்க?" மேஜைமுன் நின்ற நரைமுடி அம்மாள் எகிறினார்.

இன்சூரன்ஸ் அதிகாரி அசரவில்லை. "இந்த வயசுல மோட்டார் சைக்கிளை நீங்கதான் ஓட்டுறீங்கன்னு எப்படி நம்புறது? மகன் ஓட்ட, அம்மா பேர்ல பாலிசி எடுக்குறவங்க எத்தனை பேர்!"

"எனக்கு மகனே கிடையாது."

"அதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் வேணும்."

"இல்லாத மகனுக்குச் சர்ட்டிபிகேட்டா? தர முடியாது. ஆனதைப் பார்த்துக்கோங்க!"

"அப்போ வாசல்ல உங்க வண்டியில ஒரு எட்டு போட்டுக் காட்டுங்க."

"போட மாட்டேன்."

வசமாக மாட்டிக்கொண்டார் என்று அதிகாரிக்கு ஒரே குஷி. "பயமா? பாலிசியை ரத்து பண்ணிடவா?"

அம்மாள் வண்டிச் சாவியை மேஜைமேல் டக்கென்று வைத்தார். "நீ போடு. இந்தத் தடவையாவது காலை ஊனாமப் போடு!"

அந்த அதட்டல்! அதிகாரி அம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்தார். லைசென்ஸ் டெஸ்ட் மைதானம், காக்கி உடுப்பு, விசில். அவரை மூன்று முறை பெயிலாக்கிய அதே பிரேக் இன்ஸ்பெக்டர்!

"மேடம், நீங்களா?" நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"நாலாவது தடவை பாவம் பார்த்து உன்னைப் பாஸ் பண்ணினேனே, அன்னிக்கு நான் ஏதாவது பேப்பர் கேட்டேனா?"