இன்னும் நெளிஞ்சிருக்கு

ஏலத்தில் எடுத்து அப்பா செம்பியன் ஆசை ஆசையாய்ச் சீர்செய்துவந்த பழைய மிலிட்டரி லாரி, கிள்ளையின் உப்புக்காற்றில் வாசலை அடைத்து நிற்கிறது. மட்கார்டுக்கு உள்பக்கம் இரும்புக்கட்டையை அண்டக் கொடுத்து அறிவுமதி குந்தியிருக்கிறாள். வெளியே நெளிசல் எடுக்கிற அப்பாவின் முகம் தெரியவில்லை; சுத்தியல் அடி மட்டும் தகரத்தைத் தாண்டி அவள் உள்ளங்கையில் இறங்குகிறது. "இந்தத் தகரத்தையே கட்டிக்கிட்டு அழுவு" என்று நேற்று தெருவே கேட்கக் கத்தியது, சிதம்பரம் போய்ப் படித்த அவள் வாய்தான். காலையில் அப்பா காயலான் கடையில் லாரியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். சாயந்திரம் வந்து இழுத்துப் போவார்கள். "ஒடைக்கப் போறதுக்கு எதுக்குப்பா டிங்கரிங்?" "நசுங்குன மூஞ்சியோடயா அனுப்பறது?" அவர் திட்டித் தொலைத்தாலாவது அவளுக்கு ஆறும். அடி நிற்கிறது. "சரியாயிடுச்சா, தடவிப் பாரும்மா." தடவுகிறாள். வழவழவென்று இருக்கிறது. "இல்லப்பா, இன்னும் நெளிஞ்சிருக்கு. அடி" என்கிறாள்.