பதினான்காம் மாடியில் ஐந்து மணி

போக்டான் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் தொங்குமேடை ஒரு குலுங்கலோடு பதினான்காம் மாடியில் நின்றது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"என்னண்ணே, பழுதா?" என்றாள் லாரிசா.

அவள் போருக்குத் தப்பி, உக்ரைனிலிருந்து போலந்துத் தலைநகர் வார்சாவுக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. சொந்த ஊரான கார்கிவில் சுவர்ப்பூச்சு வேலைக்கு இதே மாதிரி மேடையில் தொங்கியவள் என்பதால், வோலா வட்டாரத்து அலுவலகக் கோபுரங்களில் கண்ணாடி துடைக்கும் வேலை சட்டென்று கிடைத்தது. மகள் யானா எதிர்க் கட்டடத்துக் கோடை முகாமில் இருந்தாள். மேலிருந்து பார்த்தால் முற்றத்தில் ஓடும் மஞ்சள் தொப்பிகள் தெரியும்.

போக்டான் காலையிலிருந்தே ஒரு மாதிரிதான் இருந்தார். வேலையுடைக்குள் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கண் எப்போதும் கைக்கடிகாரத்தில். "மாப்பிள்ளைக் கோலத்துல வந்திருக்கீங்க, பொண்ணு கீழ காத்திட்டிருக்கா?" என்று சீண்டினாள். "வாயாடாம தண்ணியை வழி. அஞ்சுக்குள்ள இந்த வரிசை முடியணும்" என்றார்.

மேடை நின்ற அடுத்த கணம் அபாயச் சங்கு ஊதியது. ஒன்று, இரண்டு, பிறகு நகரம் முழுவதும். மூளைக்கு எட்டுவதற்குள் லாரிசா மேடையின் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"அண்ணே, இறக்குங்க! சீக்கிரம்!"

போக்டான் பொத்தான் பெட்டிக்கு முன்னால் நெட்டுக்குத்தாக நின்றார். கண் இமைக்கவில்லை. பயத்தில் இப்படி விறைத்துப்போனவர்களைக் கார்கிவில் அவள் பார்த்திருக்கிறாள். தோளைப் பிடித்து உலுக்கினாள்; கல் மாதிரி இருந்தார்.

கீழே கார்களும் டிராம்களும் போட்டது போட்டபடி நின்றன. ஹாரன்கள் அலறின. நாற்சந்தியில் சிவப்புப் புகை எழும்பியது.

எங்கேயோ குண்டு விழுந்துவிட்டது!

அவள் கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினாள். உள்ளே மேசைகளுக்குப் பக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். டை கட்டிய ஒருவர் அவளை நேராகப் பார்த்தார், கையைக்கூடத் தூக்கவில்லை.

முற்றத்தில் மஞ்சள் தொப்பிகள் அத்தனையும் அசையாமல் நின்றன.

"ஓடுங்கடி! நிலவறைக்கு ஓடுங்க!" அவள் குரல் காற்றில் கரைந்தது. போனில் யானாவை அழைத்தாள். மணி அடித்தது. மறுபடியும் அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. லாரிசா மேடையின் தரையில் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

ஊளை மெல்ல இறங்கி ஓய்ந்தது. குண்டுச் சத்தம் வரவில்லை. டிராம் மணி கேட்டது. போக்டான் குனிந்து, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று பதறினார்.

அதற்குள் போன் அடித்தது.

"அம்மா, ஏன் விடாம அடிச்சே? அசையக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. எண்பது வருஷத்துக்கு முன்னாடி இதே நாள், இதே அஞ்சு மணிக்குத்தான் இந்த ஊர்க்காரங்க ஜெர்மன் பட்டாளத்தை எதிர்த்துக் கிளம்பினாங்களாம். அதுல செத்தவங்களுக்காக வருஷா வருஷம் சங்கும் ஹாரனும் ஊதி, சிவப்புப் புகை விட்டு, ஊரே ஒரு நிமிஷம் நிக்குமாம்."

லாரிசா மேடைத் தரையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீயும் நின்னியாம்மா?"