ஒரே அளவு

“எலிசா, இது இன்னாடி?”

மகளின் பையிலிருந்து காலி பிராந்தி பாட்டிலை உருவினாள் ரோசம்மாள்.

எலிசா பாண்டிச்சேரியில் மருத்துவ ஆராய்ச்சி மாணவி. “எங்க சாருதாம்மா எடுத்தாரச் சொன்னாரு” என்றாள்.

“வாத்தியாரே சொன்னாரா? ஒங்கப்பன் குடிச்சே செத்தது பத்தலயாடி?”

எலிசா வெள்ளைத் தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தாள்.

“வாந்திபேதில புள்ளைங்க சாவுதே, அதுக்கு மருந்தும்மா. லேப்ல ஒரு லிட்டர் தண்ணில கரைக்கிறோம். அளவு தப்புனா மருந்தே வெனையாப் பூடும். ‘மருந்து கண்டுபுடிச்சிட்டா ஆச்சா? காட்டேரிக்குப்பத்துல எந்த வூட்ல லிட்டர் அளவு இருக்கு? எல்லார் வூட்லயும் இருக்கிற ஒண்ணைப் பாத்து எடுத்துட்டு வா, அதுக்கேத்த மாதிரி பொட்டலம் கட்டலாம்’னு சார் அனுப்பினாரு. நாப்பது வூடு ஏறி எறங்கினேன். சொம்பு வூட்டுக்கு ஒரு சைஸு. இந்த பாட்டில் மட்டுந்தாம்மா எல்லா வூட்லயும் கெடக்கு, எங்க போனாலும் ஒரே அளவு.”

ரோசம்மாள் பரணிலிருந்து ஆறு காலி பாட்டில்களை இறக்கி, சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.

“அந்த மனுசன் வூட்டுக்குன்னு கொணாந்தது இது ஒண்ணுதான். நாலு புள்ளைங்களாவது பொழைக்கட்டும்.”